ஃபான் பிரோடியின் நூல்கள்: மனத்தை விட்டு அகலாத ஓர் அனுபவம்

அமெரிக்க வரலாற்றாசிரியர் ஃபான் பிரோடியின் நூல்களைப் படித்த மூன்று வாசகர்கள், ஒருவருக்கொருவர் பதிலாக எழுதியவை.

யூட்டாவில் படித்தவள்:
மார்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தைப் பற்றிப் பிரோடி எழுதிய வாழ்க்கை வரலாற்றைச் சமையலறை மேசையிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். மார்மன் பாட்டி ஒருவரின் வீட்டில் வாடகைக்கு இருந்த நாட்கள் அவை. காலையில் புத்தகம் குப்புறக் கிடந்தது; அதன்மேல் மடித்த துண்டு. காபியும் தேநீரும் நுழையாத வீடு அது. எனக்கென்று பால் காய்ச்சி வைப்பார். அன்றும் வைத்திருந்தார். நான் உட்கார்ந்ததும் கேட்டார்: "அன்றைக்கு அவள் அப்பாவுக்குச் சோறு இறங்கியிருக்குமா?"

பிரோடியின் அப்பா சபையின் மூத்த பொறுப்பாளர். பெரியப்பா டேவிட் மெக்கே 1951-இல் சபைக்கே தலைவரானவர். ஸ்மித் உண்மையான தீர்க்கதரிசி அல்ல என்று சொன்ன அந்த நூல் வந்தது 1945-இல். மறு ஆண்டே பிரோடியைச் சபையிலிருந்து நீக்கினார்கள். அவர் எழுதியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் பாட்டிக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை.

வர்ஜீனியாவிலிருந்து:
அப்பாவுக்கு இரங்கியது போதும். அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸுக்கு யார் இரங்கினார்கள்? ஜெஃபர்சனின் மாளிகையான மான்டிசெல்லோவில் சாலிக்காக 2018-இல் திறந்த அறைக்குப் போயிருந்தேன். சாலியின் முகம் எப்படியிருக்கும் என்று காட்ட ஒரு படம்கூடக் கிடையாது. நிழலுருவமும் மகன் மேடிசனின் சொற்களும்தான். என் பத்து வயது மகள் நிழலைத் தொடப் போய், சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

சாலியின் பிள்ளைகள் ஜெஃபர்சனுக்குப் பிறந்தவர்கள் என்று 1974-இல் பிரோடி எழுதியபோது பெரிய வரலாற்றாசிரியர்கள் ஏற்கவில்லை. 1998-இல் மரபணுச் சோதனை நிரூபித்தது. அவரோ 1981-இலேயே இறந்துவிட்டார். எனக்கு ஆறவே இல்லை.

பழைய வரலாற்று மாணவன்:
மரபணு நிரூபித்தது என்று எழுதாதீர்கள். சாலியின் இன்னொரு மகனான எஸ்டன் ஹெமிங்ஸின் வழித்தோன்றல் ஜெஃபர்சன் குடும்பத்து ஆண்வழி என்பதை மட்டுமே அது காட்டியது. தாமஸ்தான் தந்தை என்பதற்கு நாள் கணக்கும் வேண்டியிருந்தது: ஒவ்வொரு குழந்தையும் கருவுற்ற காலத்தில் அவர் மான்டிசெல்லோவில் இருந்தார்.

ஜெஃபர்சன் 1788 பயணக் குறிப்பில் மண்ணின் நிறத்தை 'முலாட்டோ' என்று திரும்பத் திரும்ப எழுதினார். சாலியைப் போலக் கறுப்பர்-வெள்ளையர் கலப்பில் பிறந்தவர்களையும் குறித்த சொல் அது. சாலி நினைவாகவே இருந்தார் என்பதற்கு இதையும் பிரோடி சான்றாக்கினார். கருத்தரங்கில் அதை அப்படியே வாசித்தேன். அந்நாளில் மண்ணுக்கு வழங்கிய பெயரே அது என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார். அடுத்த பக்கத்தைப் புரட்டக் கை வரவில்லை.

வாழ்க்கை வரலாறு எழுதப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் ஒரு நீளத் தாளில் நாட்களை எழுதுங்கள். எந்த நாளில் எந்த ஊர், யாருக்குக் கடிதம், வீட்டில் யார் பிறந்தார், யார் இறந்தார். கணக்கு நோட்டுகளை விடாதீர்கள். கடிதத்தில் எழுதாததை மளிகைச் செலவு சொல்லிவிடும். ஒரு சொல் உங்களை உலுக்கினால், அதே ஆண்டில் மற்றவர்கள் அதை எப்படி எழுதினார்கள் என்று பத்து இடத்திலாவது பாருங்கள். அவர் மனத்தில் என்ன ஓடியது என்பதை அதற்குப் பிறகு எழுதுங்கள், பென்சிலில்.