சூடானதும் நிற்கும் வண்டி: பெட்ரோலா, கரண்டா?

அப்பாவின் பழைய பெட்ரோல் அம்பாசடர், 1489 சிசி, இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கும். சத்தியமங்கலத்துக்குள் சுற்றும்வரை ஒரு குறையும் இல்லை. திம்பம் மலை ஏறினால் மட்டும் பாதியில் அணைந்துவிடும். ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார்கள். பில் ஏறியது, வண்டி ஏறவில்லை.

சூட்டில் நின்று ஆறினால் கிளம்புகிறது என்றால் முதலில் இரண்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். பெட்ரோல் லைனில் ஆவி அடைத்துக்கொள்ளலாம்; அல்லது பேட்டரி கரண்டைப் பெருக்கிப் பிளக்குக்கு அனுப்பும் காயில் சூட்டில் மக்கர் செய்யலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. நின்ற இடத்திலேயே, ஆறுவதற்குள் பார்த்தால்தான் பிடிபடும். ஒர்க்‌ஷாப் போய்ச் சேருவதற்குள் வண்டி சமர்த்தாகிவிடும்.

அடுத்த முறை நின்றதும் பானெட்டைத் திறந்தேன். பெட்ரோல் எங்கும் கசியவில்லை என்று பார்த்துக்கொண்டு, பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் இருக்கும் தடித்த ஒயரைப் பிடுங்கினேன். இன்சுலேஷன் போட்ட பிளையரால் அதைப் பிடித்து, முனையை இன்ஜின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டு தம்பியைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். நீலமாகப் பொறி தாவினால் காயில் சரி, பெட்ரோல் பக்கம் போகலாம். பொறியே இல்லை. மூடியைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, ஒட்டி நின்ற பாயிண்ட்டை (காயிலின் கரண்டைச் சேர்த்தும் பிரித்தும் விடும் குட்டி சுவிட்ச்) ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி விட்டேன். சின்னதாக ஒரு பொறி. அந்த இடம்வரை பேட்டரி கரண்ட் வருகிறது. (பெரிதாகச் சடசடவென்று பொரிந்தால், பாயிண்ட்டில் பொறியை அடக்கும் கண்டன்சர் மேல் சந்தேகப்படலாம்.) ஆக, 12 வோல்ட் உள்ளே போகிறது, ஆயிரக்கணக்கான வோல்ட்டாகத் திரும்பி வரவில்லை. காயிலைத் தொட்டால் கை சுட்டது.

அந்த நேரம் லாரியை நிறுத்தி ஒரு டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "பம்ப் மேல ஈரத்துணியப் போடுங்க தம்பி, எடுத்துக்கும்" என்றார். துணி சரி, இடம்தான் வேறு. காயில்மேல் சுற்றி வைத்தேன். பொறி வந்தது, வண்டியும் வந்தது. புதுக் காயில் மாட்டினேன். அப்படியே பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜில் 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மி.மீ. இடைவெளி வைத்தேன். இப்போது 27 கொண்டை ஊசி வளைவும் நிற்காமல் ஏறுகிறது.

* * *

சூட்டில் நின்ற உங்கள் அம்பாசடர் கதையைப் படித்தேன், எனக்கு நேர்மாறு சார். சென்னை, கார்புரேட்டர் மாருதி 800. வெயிலில் தங்கம், ஐப்பசி மழையில் காலையில் எடுத்தால் ஒரே மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தவறுவது). பிளக் மாற்றியும் தீரவில்லை. ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டுக்குள் பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஓரத்தில் நீலமாக ஏதோ நெளிந்தது. மூடியைத் துடைத்து டார்ச் அடித்தால், உள்ளே இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிழித்த மாதிரி முடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு. ஈரம் பட்டதும் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அந்தக் கரிக்கோட்டில் ஓடியிருக்கிறது. சுரண்டிப் பார்த்தேன், இரண்டு மழை தாங்கியது. அப்புறம் மூடியும் அதற்குள் சுழலும் ரோட்டரும் புதிது. ஒயர்களை மொத்தமாகப் பிடுங்காமல், பழைய மூடியை ஓரமாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். சிலிண்டர்கள் எரியும் 1-3-2 வரிசை மாறினால் வண்டி இருமும்.

* * *

அண்ணே, நீங்கள் இரண்டு பேரும் சொன்னதெல்லாம் பழைய வண்டி வைத்தியம். பிளக் தலையிலேயே தனித்தனிக் காயில் உட்கார்ந்திருக்கும் புது வண்டியில் ஒயரைப் பிடுங்கிப் பொறி பார்க்கப் போகாதீர்கள், இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூவுக்கே ஆபத்து.

என் வண்டியில் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. விளக்கு நிலையாக எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம், சிமிட்டினால் மிதிக்காதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் வழியில் புகையைச் சுத்தம் செய்ய இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அதைப் பொசுக்கிவிடும், அதன் செலவு காயில் விலையோடு நிற்காது. டேஷ்போர்டுக்கு அடியில் புளூடூத் ஸ்கேனரைச் செருகினேன். பி0302 என்ற பிழைக் குறியீடு வந்தது, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். இன்ஜின் ஆறியதும் இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டு, அந்தக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டினேன். பி0303 என்று வந்தது. கோளாறு காயிலோடு கூடவே போய்விட்டது, பிளக்கும் இன்ஜெக்டரும் நிரபராதி.

காயில் ஏன் போனது என்பதையும் பாருங்கள். என் வண்டியில் பிளக் குழிக்குள் ஆயில் இறங்கி, காயிலின் ரப்பர் உறை ஊறி உப்பியிருந்தது. வால்வு கவர் கேஸ்கெட்டை மாற்றி, குழியைத் துடைத்த பிறகுதான் புதுக் காயிலை இறக்கினேன்.