மறு: ‘லாஷிங்’, ‘டை-டவுன்’: ‘தளை’ என்றால் என்ன குறை?

குழுமத்தாருக்கு வணக்கம்.

கனரக இயந்திரத்தை ஒரு வேலையிடத்திலிருந்து இன்னொன்றுக்கு லோபெட்டில், அதாவது தாழ்ந்த தளமுள்ள ட்ரெய்லரில், ஏற்றிப் போகும்போது, சங்கிலி போட்டு அசையாமல் நிறுத்துவதை ஆங்கிலத்தில் ‘லாஷிங்’, ‘டை-டவுன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: சுமைப் பாதுகாப்பு, பாரக்கட்டு, பிணைப்பு, வரிக்கட்டு. நான் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். மண் அள்ளும் இயந்திரம் இரண்டை வாடகைக்கு ஓட்டுகிறேன். இந்தச் சொல் எனக்குத் தினமும் தேவைப்படுகிறது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

‘சுமைப் பாதுகாப்பு’ என்று எங்கள் டிரைவரிடம் சொன்னால் தார்ப்பாய் போடச் சொல்கிறேன் என்றோ, ராத்திரி வண்டியிலேயே படுக்கச் சொல்கிறேன் என்றோதான் எடுத்துக்கொள்வார். ‘வரிக்கட்டு’ நல்ல வேரிலிருந்து வந்த சொல். வரிந்து கட்டுதல் நம்மிடம் உண்டு, மலையாளத்தில் ‘வரிஞ்ஞு முறுக்குக’ இன்றும் பேச்சில் இருக்கிறது. ஆனால் தமிழக-கேரள எல்லையில் வாளையார் வழியாக வண்டி ஓட்டியவர்கள் காதில் அது வேறு மாதிரி விழும். 2017இல் ஜிஎஸ்டி வரும்வரை அங்கே வணிகவரிச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் நின்றன. ‘வரி கட்டியாச்சா’ என்பது அந்த ரோட்டின் நிரந்தரக் கேள்வி. ‘வரிக்கட்டு போட்டாச்சா’ என்றால் ரசீதைத் தேடுவார்கள்.

‘பாரக்கட்டு’, ‘பிணைப்பு’ இரண்டிலும் எனக்கு வேறு குறை தெரிகிறது. வைக்கோல் பாரத்துக்குக் கட்டு வேண்டும், அவிழ்ந்து சிதறாமல் இருக்க. பொக்லைன் சிதறாது, நகரும். (கோவைப் பக்கம் பொக்லைன், பாலக்காட்டில் இட்டாச்சி. இரண்டும் கம்பெனிப் பெயர்கள். அதற்குத் தமிழ் தேடுவது தனி இழை.) வண்டி நின்ற பிறகும் 20 டன் இரும்பு முன்னே போகப் பார்க்கும். நமக்கு வேண்டிய சொல் இந்த நகர்வைத் தடுப்பதைச் சொல்ல வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மழை விட்ட மறுநாள், மதுக்கரைப் பக்கம் வேலை முடிந்து இயந்திரத்தை வேலந்தாவளம் வழியாக ஊருக்குக் கொண்டுவந்தோம். பின்பக்கம் ஒரே ஒரு சங்கிலி. பக்கெட்டைத் தளத்தில் ஊன்றவில்லை, மேல்பாகம் சுழலாமல் இருக்கப் போடும் முள்ளையும் போடவில்லை. ‘இங்கதானே, போதும் விடு’ என்றது நான்தான். ஒரு மாடு குறுக்கே வந்தது, டிரைவர் பிரேக்கை மிதித்தார். இயந்திரம் சக்கரத்துக்குப் பதிலாக ஊர்ந்து போகும் செயின் பட்டையில் அப்பியிருந்த களிமண் எண்ணெய் மாதிரி வழுக்க, இயந்திரம் ஒரு முழம் முன்னே வந்தது. மேல்பாகம் திரும்பி, பின்னால் இருக்கும் எதிரெடை ரோட்டோரப் பனையைச் சீவிவிட்டுப் போனது. அந்த நேரம் அந்த இடத்தில் பைக்கில் யாரும் இல்லை. இறங்கிப் பார்த்தால், சங்கிலிக் கொக்கியின் வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது. பனையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

என் பரிந்துரை ‘தளை’. யாப்பிலக்கணத்தில் அது சீரோடு சீரைச் சேர்ப்பது, எல்லோரும் அறிந்ததே. நான் அங்கிருந்து எடுக்கவில்லை. பனையேறி காலில் மாட்டும் நார் வளையம் தளைநார். எங்கள் சித்தூர்ப் பக்கம் கள் இறக்குகிறவர்கள் அதையே தளப்பு என்கிறார்கள். ஆளின் முழு எடையையும் மரத்தோடு பிடித்து, வழுக்காமல் நிறுத்துவது அது. திருவிழாவில் யானை மிரண்டு ஓடினால், மறுநாள் மலையாளப் பத்திரிகையில் ‘ஆனயெ தளச்சு’ என்று வரும். கனமான ஒன்றை, காலில் சங்கிலி போட்டு, நின்ற இடத்தில் நிற்கவைப்பது. லோபெட்டின் மேல் நாங்கள் செய்வதும் இதைத்தான்.

‘அடிமைத்தளை’ நினைவு வருகிறதே என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். நியாயம்தான், ஆனால் பனையேறியின் தளையில் அடிமைத்தனம் ஏதுமில்லை. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ழகரம் தேய்ந்த பேச்சில் ‘தழை’யும் ‘தளை’யும் ஒன்றாகிவிடும். ‘சுமைத்தளை’ என்றால் ஆட்டுக்குக் கட்டிய தழைக்கட்டு நினைவுக்கு வரலாம். அதனால் தனிச்சொல்லாகத் ‘தளை’, வினையாகத் ‘தளைத்தல்’ போதும் என்கிறேன். ‘பாரத்தளை’யும் வேண்டாம், அவசரத்தில் ‘பாரத்’ என்று பிரித்துப் படிப்பார்கள்.

தளைக்குள் வகை பிரிக்க வேண்டியது கட்டாயம், ஏனென்றால் கணக்கே அதில்தான் இருக்கிறது. அமெரிக்க மத்திய விதிகளின்படி 4,536 கிலோவும் அதற்கு மேலும் உள்ள இயந்திரத்துக்குக் குறைந்தது நான்கு தளை. எல்லாத் தளைகளின் தாங்கு வரம்பும் (ஒவ்வொன்றும் பாதுகாப்பாகத் தாங்கும் எடை) சேர்ந்து இயந்திர எடையில் பாதியாவது இருக்க வேண்டும். இயந்திரத்தின் காதிலிருந்து (சங்கிலி மாட்டும் வளையம்) ட்ரெய்லரின் காதுக்கு நேராகப் போகும் சங்கிலிக்கு அதன் வரம்பில் பாதிதான் கணக்கில் சேரும். ஒரு பக்கம் தொடங்கி, சுமையின் மேலாகப் போய், மறுபக்கம் மாட்டுவதற்கு முழு வரம்பும் சேரும். முதலாவதை ‘நேர்த்தளை’ என்றும் இரண்டாவதை ‘மேல்தளை’ என்றும் சொல்லலாம்.

20 டன் இயந்திரத்துக்குப் போட்டுப் பாருங்கள். வேண்டியது 10,000 கிலோ. சரக்கு கட்டப் பயன்படும் 70ஆம் தரச் (கிரேடு 70) சங்கிலியில் 3/8 அங்குலத்தின் வரம்பு 6,600 பவுண்டு, சுமார் 2,994 கிலோ. நான்கு நேர்த்தளைக்கு 5,988 கிலோதான் தேறும். அரை அங்குலச் சங்கிலியின் வரம்பு 11,300 பவுண்டு. நான்கு போட்டால் 10,251 கிலோ, மயிரிழையில் தப்பும். ‘நாலு செயின் போட்டாச்சு’ என்று நிம்மதியாகப் போகிறவர்களிடம் இந்த வித்தியாசத்தைச் சொல்லவாவது இரண்டு சொல் வேண்டாமா?

துணைச்சொற்கள் எளிது. சக்கரத்துக்குக் கொடுப்பது ‘முட்டுக்கட்டை’, தேர் ஓட்டுகிறவர்கள் எப்போதோ கொடுத்துவிட்டார்கள். சங்கிலி மாட்டும் வளையம் ‘காது’, பட்டறைச் சொல்லே இருக்கட்டும். சங்கிலியை இழுத்து முறுக்கும் பைண்டருக்கு ‘இறுக்கி’. அதிலும் நெம்பு இறுக்கி, திருகு இறுக்கி என்று இரண்டு. நெம்பு இறுக்கியின் கைப்பிடி விடுவிக்கும்போது தெறித்து முகத்தில் அடிக்கும், ஆகவே இந்தப் பிரிப்பு அகராதிக்காக மட்டுமல்ல.

‘மறுதளை பார்த்தல்’ என்றும் ஒன்று வேண்டும். செயின் பட்டையில் ஒட்டிய சேறு காய்ந்து உதிர்ந்தால் இறுகியிருந்த சங்கிலி தொளதொளத்துவிடும். புறப்பட்ட முதல் 80 கிலோமீட்டருக்குள் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது அதே அமெரிக்க விதி. எங்கள் ஊர் ரோட்டுக்கு நான் பத்து கிலோமீட்டரிலேயே இறங்கிவிடுகிறேன்.

‘சுழல்முள்’ என்று நான் சொல்லிவருவதற்கு, அதாவது மேல்பாகத்தைப் பூட்டும் அந்த முள்ளுக்கு, இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.