வலிப்பு நின்று எட்டு மாதம், இப்போது பேச்சு குறைகிறது. யாருக்காவது இப்படி?

பெரம்பூர் அம்மா:
என் மகனுக்கு நாலரை வயது. மூன்றரை வயதில் இரண்டு முறை பிட்ஸ் வந்தது. வலிப்பைத் தடுக்கும் வால்ப்ரோயேட் சிரப் கொடுக்கிறோம், எட்டு மாதமாக வரவில்லை. ஆனால் பேச்சு போகிறது. தெருமுனையில் நின்று, 29சி பஸ்ஸைப் பார்த்ததும் "இருபத்தொம்போது சி வந்துடுச்சு!" என்று கத்துவான். தீபாவளிக்கு அப்புறம் அது வெறும் "சி" ஆனது. இப்போது கையை மட்டும் நீட்டுகிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. குக்கர் விசிலுக்குத் திரும்புகிறான். காது டெஸ்ட் நார்மல். மாமியார் வசம்பு உரசித் தடவச் சொல்கிறார். பார்த்த டாக்டர் "பையன்தானே, மெதுவாகப் பேசுவான்" என்கிறார். மெதுவாகப் பேசுவது வேறு, பேசியதை மறப்பது வேறு இல்லையா? மருந்தினாலா?

குரோம்பேட்டை அப்பா:
வேறுதான், சகோதரி. காத்திருக்காதீர்கள். என் மகளுக்கு ஐந்து வயதில் இதேதான். காதுதான் கேட்கவில்லை என்று ஆறு மாதம் அலைந்தோம். தூக்கத்தில் இ.இ.ஜி. (தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் டெஸ்ட்) எடுத்தார்களா என்று கேளுங்கள். அவளுக்கு விழித்திருக்கும்போது எடுத்ததில் பெரிதாக ஒன்றுமில்லை. தூங்கியதும் திரை முழுக்க முள் முள்ளாக. கை கால் இழுக்காமலே இரவெல்லாம் மூளையில் வலிப்பு அலை ஓடி, பேச்சைப் புரிந்துகொள்ளும் இடத்தைக் கெடுக்குமாம். லேண்டாவ், கிளெஃப்னர் என்ற இருவர் 1957-இல் எழுதியது, அவர்கள் பெயரிலேயே அழைக்கிறார்கள். அரிதானது. உங்கள் பையனுக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை.

டெஸ்டில் தூங்க வேண்டுமே என்று முந்தின இரவு அவளை ஒரு மணி வரை மொட்டைமாடியில் நடக்கவைத்தோம். தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், ஒயர் ஒட்டாது. ஸ்டீராய்டு கொடுத்தார்கள், முகம் உப்பி, ராத்திரி பதினோரு மணிக்குத் தயிர்சாத டப்பாவைத் தட்டுவாள். நான்காவது மாதம் "அப்பா, மோர்" என்றாள். இப்போது ஒன்பது வயது. நீளமாகப் பேசினால் தடுமாறுகிறாள், ஆனால் பேசுகிறாள். சிரப்பை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடையாறு ஸ்பீச் தெரபிஸ்ட்:
வலிப்பு உள்ள எத்தனையோ குழந்தைகள் நன்றாகப் பேசுகிறார்கள், அதனால் பயந்துவிடாதீங்கம்மா. ஆனால் வந்த பேச்சு போனால் உடனே நியூராலஜிஸ்டிடம் காட்ட வேண்டும். ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். காதால் புரியாததைக் கண்ணால் கொடுங்கள்: படம், சைகை. சைகை பழகினால் பேச்சு வராது என்பார்கள், நம்பாதீர்கள். வசம்பு வேண்டவே வேண்டாம். குறை நாக்கில் இல்லை.

பெரம்பூர் அம்மா:
வியாழக்கிழமை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறோம். தூக்க இ.இ.ஜி. பற்றி நானே கேட்பேன். நேற்று 29சி போர்டை போட்டோ எடுத்து பிரிட்ஜில் ஒட்டினேன். காலையில் அதைத் தொட்டுக் காட்டிவிட்டு, செருப்பை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான்.