சிகாகோவின் முதல் மேயர் வில்லியம் ஆக்டன்: நில வணிகரா, நகரத்தை எழுப்பியவரா?

ஏட்டுப்பித்தன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மேற்கு எல்லையில் முளைத்த நகரங்களின் தொடக்க காலத்தைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். சிகாகோ 1837 மார்ச் 4 அன்று நகரத் தகுதி பெற்றது; அடுத்த மே மாதமே நடந்த முதல் மேயர் தேர்தலில் வில்லியம் பட்லர் ஆக்டன் வென்றார். அவரை எதிர்த்து நின்ற ஜான் கின்சி, அந்த ஆற்றங்கரையில் நெடுங்காலத்துக்கு முன்பே குடியேறிய வணிகர் ஒருவரின் மகன். ஆக்டனோ நியூயார்க் மாநிலத்திலிருந்து நிலம் விற்க வந்தவர். வந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. அப்படிப்பட்ட ஒருவரை அந்த ஊர் மக்கள் எதனால் தேர்ந்தெடுத்தார்கள்? ஓராண்டு மட்டுமே மேயராக இருந்தவருக்கு நகர வரலாற்றில் இவ்வளவு பெரிய இடம் கிடைத்ததற்குக் காரணம் என்ன?

நெடுவழி:

முதல் கேள்விக்கு விடை எளிது. 1833-ல் சில நூறு பேர் மட்டுமே வாழ்ந்த அந்த இடத்தில் 1837-ல் நாலாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். அதாவது வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் ஆக்டனைப் போலவே நேற்று வந்தவர்கள். அவர்களுக்குக் கின்சி பழைய ரோம வணிகக் காலத்தின் மிச்சமாகத் தெரிந்திருப்பார்; ஆக்டன் தங்களில் ஒருவராகத் தெரிந்திருப்பார்.

அவர் வந்த கதையே சுவையானது. அவருடைய சகோதரியின் கணவர் சார்லஸ் பட்லர், சிகாகோ ஆற்றின் வடகரையில் ஒரு பெரும் நிலப்பரப்பை 1,00,000 டாலருக்கு வாங்கியிருந்தார். அதைப் பிரித்து விற்பதற்காக 1835-ல் வந்த ஆக்டன், சதுப்பும் சேறும் புதருமாகக் கிடந்த நிலத்தைப் பார்த்து, மைத்துனர் பெரும் மடமை செய்துவிட்டார் என்றே எழுதினார். ஆனால் வடிகால் வெட்டி, தெருக் கோடுகள் போட்டு, ஏலம் விட்டபோது, மூன்றில் ஒரு பங்கை விற்றதிலேயே போட்ட பணம் முழுவதும் திரும்பி வந்தது. அப்போதும் அவருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. வாங்குகிறவர்களுக்குப் பித்துப் பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்தார். ஊரின் எதிர்காலத்தை முதல் பார்வையிலேயே கண்டுகொண்ட தீர்க்கதரிசி என்று பிற்காலத்தில் அவரைப் புகழ்ந்தவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கணக்கு நோட்டு:

இரண்டாவது கேள்விக்கு, அந்த ஓராண்டு எந்த ஆண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் பதவியேற்ற அதே மாதத்தில் நியூயார்க் வங்கிகள் தாள் பணத்துக்கு ஈடாகப் பொன்னும் வெள்ளியும் கொடுப்பதை நிறுத்தின. 1837-ன் நிதி நெருக்கடி நாடு முழுவதும் பரவியது. கடனுக்கு நிலம் வாங்கி, அதைவிடக் கூடிய விலைக்கு விற்றுப் பிழைத்த சிகாகோவில் நிலத்தின் விலை பாதாளத்துக்குச் சரிந்தது. இலினாய் - மிச்சிகன் கால்வாய்க்காக மாநிலம் வாங்கிய கடன் வேறு தலைக்கு மேல் நின்றது. கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டும், வழக்கு மன்றங்களை மூடி வைக்க வேண்டும் என்று ஊரில் பலர் குரல் எழுப்பினார்கள். கூடிய கூட்டத்தில் ஆக்டன் எழுந்து, இந்தப் பச்சிளம் நகரத்தின் நற்பெயரைக் கறைப்படுத்தாதீர்கள் என்ற பொருளில் பேசித் தடுத்தார்.

இதில் அவருடைய சொந்த நலனும் கலந்திருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. கிழக்கத்திய முதலீட்டாளர்களின் முகவராகத் தொழில் செய்தவர், கடன் மறுப்பை ஆதரித்திருக்கவே முடியாது. ஆனாலும் அவர் தடுத்தது ஊருக்கு நன்மையாகவே முடிந்தது என்பது என் கருத்து. வாக்குத் தவறாத ஊர் என்ற பெயர் இல்லாமல் 1848-ல் அந்தக் கால்வாய் நிறைவு பெறுவதற்கான வெளிப்பணம் வந்திருக்காது.

பொன்னி மைந்தன்:

நண்பர்கள் இருவரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஆக்டன் ஏலம் விட்ட அந்த வட்டாரம் ஆளற்ற வெற்று நிலமாக இருந்ததில்லை. 1833 செப்டம்பரில் சிகாகோவில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் வழியாகப் பொட்டாவாட்டமி என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் மிச்சிகன் ஏரிக்கு மேற்கே தமக்கு எஞ்சியிருந்த ஏறத்தாழ 50 லட்சம் ஏக்கரைக் கைவிட்டு, மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் போக வேண்டியதாயிற்று. ஆக்டன் வந்து இறங்கிய அதே 1835-ன் கோடையில்தான் அவர்களுடைய வீரர்கள் சிகாகோவின் தெருக்களில் கடைசியாக ஒருமுறை போர் நடனம் ஆடிவிட்டுப் புறப்பட்டார்கள். நில விலை ஏறிய வேகத்துக்கு அந்த வெளியேற்றமும் ஒரு காரணம். அதைச் சொல்லாமல் ஆக்டனின் செல்வத்தைக் கணக்கிட்டால் முதல் வரியே விடுபட்டுப் போகும்.

நெடுவழி:

பொன்னி மைந்தன் சொல்வது சரி. நான் அதையும் சேர்த்திருக்க வேண்டும். முந்தைய பதிவில் "பழைய ரோம வணிகக் காலம்" என்று எழுதியிருக்கிறேன். விலங்கின் மென்மயிர்த் தோல் வணிகத்தையே குறிப்பிட்டேன், ரோமாபுரியை அன்று.

ஏட்டுப்பித்தன்:

விளக்கங்களுக்கு நன்றி. நானும் ரோமாபுரி என்றே நினைத்துக் குழம்பினேன். மேயர் பதவிக்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதையும் யாராவது எழுத இயலுமா?

கணக்கு நோட்டு:

அவருடைய பெயர் நிலைத்ததற்கு மேயர் பதவியைவிட ரயில்தான் பெரிய காரணம். கலீனா - சிகாகோ யூனியன் ரயில் நிறுவனம் 1836-லேயே அனுமதி பெற்றுப் பத்தாண்டுகள் தூங்கிக் கிடந்தது. ஆக்டன் அதன் தலைவரானபோது கிழக்கத்தியப் பணக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். எனவே பாதை போக வேண்டிய வழியெங்கும் அவரே பயணம் செய்து, உழவர்களின் வாசலில் நின்று பங்குகளை விற்றார். கோதுமை மூட்டைகளைச் சேற்றுப் பாதையில் நாட்கணக்கில் இழுத்து வந்து அலுத்தவர்களுக்கு ரயிலின் பயனை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்ப்பு ஊருக்குள்ளிருந்துதான் வந்தது. உழவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வராவிட்டால் தங்கள் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சினார்கள். 1848 அக்டோபரில் 'பயனியர்' என்ற பழைய எஞ்சின் முதன்முதலாக ஓடியது. பெயரில் கலீனா இருந்தாலும் அந்த நிறுவனத்தின் தண்டவாளம் கடைசிவரை கலீனாவைத் தொடவேயில்லை என்பது தனிக்கதை. 1862-ல் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் முதல் தலைவராகவும் ஆக்டனே தேர்வு பெற்றார்.

1871 அக்டோபர் 8 இரவு சிகாகோவில் மூண்ட பெருந்தீயில் அவருடைய வீடும் எரிந்தது. அதே இரவில் விஸ்கான்சினின் பெஷ்டிகோவில் அவருடைய மர ஆலை ஊரும் காட்டுத்தீயில் அழிந்தது. அங்கே மாண்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல், சிகாகோவில் மாண்டவர்களைவிடப் பல மடங்கு. முன்பே நியூயார்க்கில் குடியேறியிருந்த அவர் 1877-ல் அங்கேயே காலமானார். சிகாகோ தீயில் வடபகுதி ஏறக்குறைய முழுவதும் சாம்பலான பின்பும் அவருடைய தம்பி மேலனின் மரவீடு மட்டும் தப்பி நின்றது. அந்த மனையில் இப்போது நியூபெரி நூலகம் இருக்கிறது.