இந்த எண் எங்கிருந்து வந்தது? மாணவர் புராஜெக்ட்களை மதிப்பிட்ட அனுபவங்கள்

புறத்தேர்வாளர், வணிகவியல்:

ஆய்வேடு கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டுவது அட்டவணைகளைத்தான். ஒரு முதுகலை மாணவி 25 பணியாளர்களிடம் வினாப்பட்டியல் கொடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பிடச் சொல்லியிருந்தார். ஒரு கேள்விக்குச் சராசரி 3.47 என்று போட்டிருந்தது. 25 பேரும் முழு எண்ணில் பதில் சொன்னால் கூட்டுத்தொகையும் முழு எண்ணாகத்தான் இருக்கும். 86 என்றால் சராசரி 3.44, 87 என்றால் 3.48. நடுவில் 3.47 வர வழியே இல்லை. ஆய்வாளர்கள் நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹெதர்ஸும் 2016-இல் முன்வைத்த கிரிம் சோதனை இதுதான். தாளும் பென்சிலும் போதும். பதில்கள் முழு எண்களாக இருக்க வேண்டும்; சராசரி இரண்டு தசம இடங்களில் இருந்தால், பதில் சொன்னவர்கள் நூறு பேருக்குக் குறைவாக இருக்க வேண்டும்.

உடனிருந்த அகத்தேர்வாளர், "உட்கார்ந்த இடத்தில் எழுதிய எண் போலிருக்கிறது" என்றார். கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்றேன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், "இந்த 3.47 எப்படி வந்தது, மூலத் தரவைக் காட்டும்மா" என்றதும், அந்தப் பெண் தயங்காமல் மடிக்கணினியில் எக்செல் தாளைத் திறந்தார். அந்தக் கேள்விக்கு ஆறு பேர் பதிலே எழுதவில்லை. மீதி 19 பேர், கூட்டுத்தொகை 66. வகுத்தால் 3.47. கணக்கில் பிழையில்லை, தரவும் உண்மையானது.

நல்ல உரையாடல் அதற்கப்புறம்தான் தொடங்கியது. அந்த ஒரு கேள்வியை மட்டும் ஏன் ஆறு பேர் விட்டார்கள்? நிறுவனம் நடத்திய பயிற்சி பயன்பட்டதா என்பது கேள்வி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர்கள் பயிற்சிக்கே போகாதவர்களாக இருக்கலாம் சார். பயிற்சிக்குப் போனீர்களா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்" என்றார். விடுபட்ட பதில்களை ஆய்வேட்டில் குறிப்பிடாததற்கு மதிப்பெண் குறைந்தது. முறையியல் புரிதலுக்குக் கூடியது. அட்டவணையை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதியிருந்தால் அது பெரிய அநியாயம்.

தாவரவியல் ஆசிரியை:

நான் பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கு நடுவராகப் போவேன் சார். அங்கே அடிக்கடி வருவது செடி வளர்ப்புச் சோதனை. ஒரு தட்டில் 30 பயறு நாற்று, உரம் போட்டது. இன்னொரு தட்டில் 30, உரம் போடாதது. மாதிரி அளவு 60 என்று எழுதி, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை என்ற புள்ளியியல் சோதனையும் செய்திருப்பார்கள், முடிவு பிரமாதமாக வந்திருக்கும். ஆனால் உரம் போனது ஒரே தட்டுக்குத்தானே? அந்தத் தட்டு ஜன்னல் பக்கம் இருந்திருந்தால், வித்தியாசம் உரத்தால் வந்ததா வெளிச்சத்தால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. உண்மையில் ஒவ்வொரு பக்கத்திலும் மாதிரி ஒன்றுதான். சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் இதற்குப் போலிப் பிரதி (pseudoreplication) என்று பெயர் வைத்து விரிவாக எழுதினார். அனுபவசாலிகளின் ஆய்வுகளிலும் இந்தக் குறை ஏராளமாக இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஆகவே பிள்ளைகளைக் கடிந்துகொள்ள மாட்டேன். "தட்டுகளை இடம் மாற்றி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று மட்டும் கேட்பேன். சட்டென்று பிடித்துக்கொள்ளும் பிள்ளை இருக்கிறதே, அதற்கு மனசார மதிப்பெண் போடுவேன்.

ஒருமுறை ஒரு மாணவன் மண்புழு உரத்தால் வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதி வந்திருந்தான். பல தொட்டிகள், அவற்றில் எதற்கு உரம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்திருக்கிறான். குறிப்பேட்டில் தேதிவாரியாக அளவுகள். இரண்டு செடி பட்டுப்போனதும், எப்போது பட்டுப்போனது என்பதும் கூட இருந்தது. சக நடுவர்கள் "ரிசல்ட்டே இல்லையே" என்றார்கள். வித்தியாசம் தெரியவில்லை என்பதும் முடிவுதான் என்று நான் விடாமல் வாதாடினேன். அந்தக் குறிப்பேட்டை எல்லோர் கைக்கும் கொடுத்துப் படிக்கச் சொன்ன பிறகே ஒத்துக்கொண்டார்கள்.

நூலகர்:

நான் பார்ப்பது கடைசிப் பக்கங்களை. செயற்கை நுண்ணறிவுக் கருவியான சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தபின் மேற்கோள் பட்டியலில் புதுவிதச் சிக்கல்: அது இட்டுக்கட்டிய கட்டுரைகள். இதழ் உண்மையானது, தொகுதி எண் உண்மையானது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் வேறு யாரோ எழுதிய வேறு கட்டுரை. ஒப்புமை காட்டும் மென்பொருள் இதைப் பிடிக்காது, எங்கிருந்தும் நகலெடுக்கவில்லையே! ஐந்தாறு மேற்கோள்களை எடுத்து டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய இணைய அடையாள எண்) தட்டிப் பாருங்கள். அப்புறம் ஒன்றைக் காட்டி, "இந்தக் கட்டுரையில் உங்களுக்கு உடன்பாடு இல்லாத இடம் எது?" என்று கேளுங்கள். படித்தவர் பேச ஆரம்பித்துவிடுவார்.

கல்வியியல் ஆசிரியர்:

மாணவரைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டோம். மதிப்பிடுகிற நம்மையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நான் ஒருங்கிணைத்த ஒரு மதிப்பீட்டில் ஒரே ஆய்வேட்டுக்கு ஒருவர் 85, இன்னொருவர் 62 போட்டிருந்தார்கள். இருவருமே நேர்மையானவர்கள். உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது, 85 போட்டவருக்கு அச்சமைப்பும் மொழிநடையும் மிகவும் பிடித்துப்போய், முறையியலுக்கும் தாராளமாகப் போட்டிருக்கிறார். ஒரு நல்ல குணம் கண்ணில் பட்டால் மற்றவையும் நன்றாகத் தெரியும் இந்தப் போக்கை உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-லேயே எழுதிவிட்டார். அதன்பின் நாங்கள் வரிசையை மாற்றினோம். ஒரு ஆய்வேட்டை முழுதும் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவதில்லை. எல்லா ஆய்வேடுகளிலும் முறையியலை மட்டும் மதிப்பிடுவோம், பிறகு எல்லாவற்றிலும் பகுப்பாய்வு, கடைசியில்தான் நடை. நேரம் கூடத்தான் ஆகிறது. ஆனாலும் இதை விடக்கூடாது என்பது என் திடமான கருத்து.

இன்னொன்று. "எங்கள் தேர்வாளர்கள் நூற்றுக்கு 82 ஒத்துப்போகிறார்கள்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எத்தனை பேர் தேர்ச்சி என்று கேளுங்கள். இருவருமே 90 சதவீதம் பேரைத் தேர்ச்சி செய்பவர்கள் என்றால், ஆய்வேட்டைத் திறக்காமலேயே கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் 82 சதவீதம் ஒத்துப்போகும். இருவரும் தேர்ச்சி என்பது 0.9 × 0.9 = 0.81, இருவரும் தோல்வி என்பது 0.1 × 0.1 = 0.01. இந்தத் தற்செயல் ஒற்றுமையைக் கழித்துவிட்டுப் பார்க்கத்தான் உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960-இல் கப்பா என்ற அளவையைக் கொடுத்தார். அந்த 82-க்குக் கப்பா போட்டால் வருவது பூஜ்யம்.

ஆய்வு மாணவி:

மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லலாமா? என் வைவாவில் ஒரு தேர்வாளர், "வழிகாட்டி சொன்னதில் எதை நீங்கள் ஏற்கவில்லை, ஏன்?" என்று கேட்டார். வழிகாட்டியும் அங்கேயே உட்கார்ந்திருந்தார், எனக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் மாதிரியை வயதுவாரியாகப் பிரிக்க வேண்டாம் என்று நான் எடுத்த முடிவை விளக்கினேன்: பிரித்தால் சில குழுக்களில் நான்கைந்து பேர்தான் மிஞ்சுவார்கள். அந்த ஆய்வு என்னுடையது என்று நான் உணர்ந்தது அந்தப் பதிலைச் சொல்லும்போதுதான். சார், மேடம், ஒரு சந்தேகம். மேடம் சொன்னது போன்ற குறிப்பேட்டுக்குத் தனி மதிப்பெண் வைத்தால், வைவாவுக்கு முந்தின இரவு உட்கார்ந்து எழுதிவிட மாட்டார்களா?

தாவரவியல் ஆசிரியை:

எழுதத்தான் பார்ப்பார்கள்மா. அதனால் நான் இடையிடையே குறிப்பேட்டை வாங்கி, அன்றுவரை எழுதியதற்குக் கீழே தேதியோடு கையெழுத்துப் போட்டுவிடுவேன். அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண் குறையாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒரே பேனாவில், ஒரே அழகான கையெழுத்தில், ஒரு அடித்தலும் இல்லாமல் வரும் குறிப்பேட்டைத்தான் நான் மூல அளவுகளோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பேன்.