ஆரணி, களம்பூர் மில்களில் எரியும் உமி: தீங்கில்லாத எரிபொருளா?

நாகநதிக்கரை:
"உமி நெல்லோடு வந்தது, அதுல என்ன கெடுதல்" என்ற பேச்சு நம்ம பக்கம் ரொம்ப நாளா ஓடுது. கணக்குப் போடுவோம். நாளுக்கு 100 டன் நெல் அரைத்தால் சுமார் 20 டன் உமி. அத்தனையும் பாய்லருக்குப் போனால் 4 டன் சாம்பல், அதில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். உமிச்சாம்பல் பஞ்சு மாதிரி லேசு, காற்றில் பறக்கும். நூற்றுக்கு ஐந்து பங்கு சிம்னி வழியே தப்பினாலே நாளுக்கு 200 கிலோ. மாடியில் காயும் வடகத்தில் படிவது கண்ணுக்குத் தெரியும். 2.5 மைக்ரானுக்குக் கீழே உள்ளது தெரியாமலே நுரையீரலின் காற்றுப்பை வரை போகும். அந்த நுண்துகளுக்கு இந்தியாவில் 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15.

களத்துமேடு:
சார், உமியை விட்டால் எதை எரிப்பது? நிலக்கரியா? நம் நாட்டு நிலக்கரியில் சாம்பலே 35 முதல் 40 சதவீதம், கந்தகமும் பாதரசமும் தனி. உமியில் கந்தகம் மிகக் குறைவு. அது விடும் கரியமில வாயு அந்தப் போகத்துப் பயிரே காற்றிலிருந்து எடுத்ததுதான். புழுங்கல் அரிசிக்கு ஊறல், ஆவி, உலர்த்தல் என்று மூன்றுக்கும் சூடு வேணும். உமியைக் குவித்து வைத்தால் மட்டும் காற்று சுத்தமாகிடுமா?

நாகநதிக்கரை:
கரியமில வாயுக் கணக்கு சரி, ஒத்துக்கறேன். ஆனா பாய்லர் பக்கத்துத் தெருவில் இருமுகிறவருக்கு அந்தக் கணக்கு உதவாது. வானத்துக்கு நல்லது என்பதும் மூச்சுக்கு நல்லது என்பதும் வேற வேற.

பாய்லர் பாதை:
இருவரும் எரிபொருளைப் பிடித்துச் சண்டை போடுறீங்க. கெடுதலில் பெரும்பங்கு எரிக்கிற விதத்தில் இருக்கு. ஈர உமியை மண்வெட்டியால் குவியலாகத் தள்ளினால் நடுவில் காற்று போகாது, கரும்புகையும் கார்பன் மோனாக்சைடும் வரும். அதைப் பார்த்ததும் ஐடி ஃபேன் (உலைப் புகையை உறிஞ்சி சிம்னிக்குத் தள்ளும் விசிறி) டேம்பரை, அதாவது அதன் காற்றுக் கதவை, முழுசாகத் திறந்துடுறாங்க. கருப்பு மறையும், அந்த இழுப்பில் சாம்பல் அப்படியே மேலே ஏறும், உலையும் குளிரும். புகை வெளுப்பா இருக்கு, நல்லா எரியுதுன்னு நினைக்கிறது இங்கேதான் தப்புது. உமி சீராக விழ ஃபீடர் வேணும், உமி எரியும் தட்டுக்கு மேலே தனியா ஊதுற இரண்டாம் காற்று வேணும்.

அடுத்தது சைக்ளோன், புகையைச் சுழற்றிச் சாம்பலைப் பிரித்துக் கீழே விழவைக்கும் கூம்பு. சிலிக்கா உரசி உரசிக் கீழ்க் கூம்பில் ஓட்டை போடும், அடியில் சாம்பலை வெளியே தள்ளும் ரோட்டரி வால்வு தகடும் தேயும். உள்ளே இருப்பது உறிஞ்சும் அழுத்தம். அதனால் வெளிக்காற்று கீழே புகுந்து, பிடித்த சாம்பலைத் திரும்பக் கிளப்பிவிடும். ஃபேன் ஓடும்போது கூம்பின் அடியில், வால்வு ஃபிளாஞ்சு (இணைப்பு விளிம்பு) ஓரத்தில் ஊதுபத்தியைக் காட்டுங்க. புகை உள்ளே இழுத்தால் ஒழுக்கு. ஒரு நிமிட வேலை.

களத்துமேடு:
நல்ல தகவல். அப்போ சைக்ளோனைச் சரி பண்ணினால் போதும்தானே?

பாய்லர் பாதை:
போதாது. சைக்ளோன் 10 மைக்ரானுக்கு மேல் நல்லாப் பிடிக்கும். நுண்துகளில் பெரும்பகுதி தப்பிடும். அதுக்கு பேக் ஃபில்டர், புகையைத் துணிப்பைகள் வழியே வடிகட்டுவது. பாலியஸ்டர் பை 130 டிகிரிக்கு மேல் தாங்காது, ஒரு தீப்பொறி போனாலும் ஓட்டைதான். முன்னால் சைக்ளோனை வைத்துப் பொறியைப் பிடிக்கணும்.

நாகநதிக்கரை:
சாம்பல் அள்ளுறவங்களைப் பற்றி யாரும் பேசலையே? 800, 900 டிகிரியில் நேரம் எடுத்து எரிந்தால் சிலிக்கா கிறிஸ்டோபலைட் என்ற படிகமா மாறும். படிக சிலிக்கா தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று 1997-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகையில் வைத்தது. அந்தத் தூசியால் நுரையீரல் இறுகும் சிலிகோசிஸ் நோய் வந்தால் குணமாகாது. வெள்ளைச் சாம்பல் சுத்தமானது என்று நம்பி துண்டைக் கட்டிக்கிட்டு அள்ளுறாங்க. துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது, என்95 முகக்கவசம் வேணும்.

களத்துமேடு:
தண்ணி தெளித்துத்தான் ஏத்தறோம்.

பாய்லர் பாதை:
ஆறின பிறகு தெளிங்க. கொதிக்கிற சாம்பலில் ஊற்றினால் ஆவி வெடித்து முகத்தில் அடிக்கும். குவியல் மேலே குளிர்ந்திருந்தாலும் உள்ளே நாள்கணக்கில் கங்கு கனியும். ஏரிக்கரையில் கொட்டிட்டுப் போனால் ஆடு மாடு காலை விடும், பிள்ளைங்களும் விடும். மூடிய தொட்டியில் ஆறவிட்டு, ஈரமாக்கி, தார்ப்பாய் போட்டு அனுப்புங்க. இரும்பு உருக்காலைகளில் உருகின இரும்பின் சூடு போகாமல் மூட இந்தச் சாம்பலைத்தான் போடுறாங்க. விலை கிடைக்கிற பொருளை ஏன் ஏரியில் கொட்டணும்?

களத்துமேடு:
சரி. ஊதுபத்தி சோதனையில் இழுத்தால், கூம்பை மாற்றணுமா, பற்றவைத்தால் போதுமா?

பாய்லர் பாதை:
ஒரே இடத்தில் ஓட்டைன்னா உள்பக்கமா தகடு வைத்துப் பற்றவையுங்க. சுற்றிலும் தட்டிப் பாருங்க. தகடு மெலிந்த சத்தம் வந்தால் கூம்பையே மாற்றுங்க.