தமிழில் சிகிச்சை தரும் உளவளத்துணையாளர் தேவை

அண்ணாமார், அக்காமார், பெயர் போடாமல் எழுதுவதைக் குறை நினைக்க வேண்டாம். களுவாஞ்சிகுடிப் பக்கம், வயது 36, இரண்டு பிள்ளைகள். ஆபாசப் படமும் அதோடு வந்த பழக்கங்களும் பல வருடமாக என் கையை மீறிவிட்டன. போன மாதம் விடியப்புறம் மூன்று மணிக்கு, ஃபோன் வெளிச்சத்தில் மனைவி என்னைப் பார்த்தபடி நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. சின்னவனின் போர்வையை இழுத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். அடுத்த கிழமையே மனநலக் கிளினிக்குக்குப் போனேன்.

இது வெறும் ஒழுக்கக்கேடு என்றுதான் நினைத்திருந்தேன். உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.டி. 11 என்ற தன் நோய்ப் பட்டியலில் இதையும் ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறது என்று டொக்டர் சொன்னபோது அழுகை வந்துவிட்டது. செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்தைத் தொடங்கியிருக்கிறார், பலன் தெரியச் சில வாரம் எடுக்குமாம். சரிவராவிட்டால் நால்ட்ரெக்சோன் என்ற வேறு மருந்தை யோசிக்கலாமாம். ஆனால் மருந்து மட்டும் போதாது, எந்த நேரம், எந்த மனநிலையில் உந்துதல் வருகிறது என்று கண்டுபிடித்து மாற்றப் பழக்கும் சிந்தனை நடத்தைச் சிகிச்சையும் வேண்டும் என்றார்.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இதைத் தமிழில் செய்யும் ஆண் உளவளத்துணையாளர் யாரையாவது தெரியுமா? சனி, ஞாயிறு என்றால் நல்லது. அப்புறம், செர்ட்ரலின் எடுத்தவர்கள் இருந்தால் வயிற்றுப் பிரட்டல் எத்தனை நாளில் நின்றது என்றும் சொல்லுங்கள். இன்பொக்ஸில் எழுதினாலும் போதும்.